ஞாயிறு இரவு, விடிந்தால் திங்கள்

எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு மாலை, எல்லா வீட்டு மக்களையும் வரிசையில் நிற்கவைத்து, கைப்பேசிக் கோபுரத்தின் உச்சியில் எரிந்த சிவப்பு விளக்கைச் செவ்வாய்க் கிரகம் என்று காட்டியவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் குறும்புக்காரன் என்றாவது பெயர் கிடைத்திருக்கும். வானவியல் புத்தகங்களைப் பல வருடம் படித்து, தலையில் இனி இடமில்லை என்ற நிலையில் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். வாங்கிய அன்றே அடுத்தவருக்குக் காட்டவேண்டும் என்று கை அரித்தது. இரண்டாம் மாடிப் பர்மியர் ஒருவர் அந்த விளக்கைப் பார்த்துவிட்டுக் கைகூப்பினார். "ஓரத்தில் வெள்ளையாகத் தெரிவது துருவப் பனி, உற்றுப் பாருங்கள்" என்றேன். சிலருக்குப் பனியும் தெரிந்தது.

அப்போது மின்சாரம் போனது. செவ்வாயும் போனது.

இருட்டில் ஒரு பெண் குரல் கேட்டது. "ஏன் தம்பி, செவ்வாய்க்கும் நம்ம லைன்லதான் கரண்டா?"

சிரித்து முடித்து எல்லோரும் படியிறங்கிப் போனார்கள். குரலுக்கு உரியவர் மட்டும் நின்றார். பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவர், வேடிக்கை பார்க்க வந்தவர். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அதைச் செவ்வாய்னு முதல்ல சொன்னது நீங்களா, வேற யாராவதா?"

"நான்தான்."

"யோசிச்சுச் சொல்லுங்க. வரிசையில ஒருத்தர் 'செவ்வாய், செவ்வாய்'னு சொன்னது என் காதுல விழுந்துச்சு."

"என்னைக் கேட்டுத்தான் அவர் சொன்னார்."

"அப்ப சரி. தப்பு உங்களுதுதான்." திருப்தியோடு தலையசைத்தார். "தப்புன்னாலும் யாருதுன்னு சரியா இருக்கணும்."

அதுதான் அவர். அவரைப் பற்றி இதற்குமேல் எழுதுவது எல்லாம் இதையே திரும்பச் சொல்வதுதான்.

அவருக்கு இரண்டு பெயர். பர்மாவில் வாழும் எங்கள் தமிழர் பலரையும்போல வீட்டில் கூப்பிட ஒரு தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர். ஒன்றை இங்கே எழுதினால், மற்றதற்குச் சேரவேண்டியதை நான் பிடுங்கிக்கொண்டதாக வாதாடியிருப்பார். எனவே அக்கா என்றே எழுதுகிறேன். அவரை அக்கா என்று முதலில் கூப்பிட்டவன் நானில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதையை ஒட்டிய தெரு ஒன்றில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரயில் போகும்போது சுவரில் மாட்டிய எழுத்துப் பலகை நடுங்கும். பரிசோதனையை நிறுத்திவிட்டு, "இருங்க, ரயில் போகட்டும். ரயிலுக்குச் சேர்த்துப் பவர் எழுத முடியாது" என்பார். அந்த இடைவெளியில்தான் சொற்பொழிவு. தொலைநோக்கியைக் கண்டுபிடித்தவர்கள் தம் ஜாதிக்காரர்கள், அதாவது மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்கள், என்பதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை.

"ஹாலந்துல ஒரு கண்ணாடிக் கடைக்காரர், தூரத்துல இருக்கறதைக் கிட்டக் காட்டுற குழாயைச் செஞ்சு எடுத்துட்டுப் போய், இதுக்கு உரிமை எனக்குத்தான்னு கவர்மெண்டுகிட்டக் கேட்டார். கொஞ்ச நாள்ல இன்னொருத்தர் வந்து நானும் செஞ்சேன்னார். ரொம்ப வருஷம் கழிச்சு மூணாவது ஒருத்தரோட மகன் வந்து, எல்லாத்துக்கும் முன்னால எங்கப்பான்னார். இப்பப் பாருங்க. இது தெளிவா, அது தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணுபோலதான் இருக்கு அக்கா."

"கவர்மெண்டும் அப்படித்தான் சொல்லிச்சு. உரிமையை ஒருத்தருக்கும் குடுக்கல."

அவர் கடையில் போட்ட கண்ணாடியைத்தான் இப்போதும் அணிந்திருக்கிறேன். அது சரியான பவரா, அல்லது அன்று ஹாலந்துக்காரர்கள்மேல் இருந்த இரக்கத்தில் எழுதிய பவரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

இந்த நீதி உணர்ச்சி நானூறு வருடத்துக்கு முந்தியவர்களோடு நின்றிருந்தால் அக்கா எல்லோருக்கும் பிடித்தவராக இருந்திருப்பார். நிற்கவில்லை. எங்கள் பகுதியில் மாலைநேரத் தமிழ் வகுப்பு நடத்திவந்த பெரியவர் ஒருவர் இறந்தார். உடல் கூடத்தில் கிடக்க, மனைவி தலைமாட்டில் அமர்ந்திருக்க, ஒருவர் எழுந்து, "இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முதன்முதலாகத் தமிழ் வகுப்பு தொடங்கியவர்" என்று தழுதழுத்தார். பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தார்.

"முதல்ல தொடங்கினது இன்சீன்ல ஒரு தையல்கார அம்மா. இவர் ரெண்டாவது."

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. பேசியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நிலைமை சரியில்லை என்பது அக்காவுக்கும் புரிந்திருக்கவேண்டும். "ரெண்டாவதா இருந்தாலும் நல்லாத்தான் நடத்தினார்" என்று விதவையைப் பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதன்பிறகு கல்யாணங்களில் ஒலிபெருக்கியைப் பிடிப்பவர்கள் முதலில் அக்கா எந்த வரிசையில் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டார்கள். சிலர் அழைப்பிதழையே தொலைத்துவிட்டார்கள். நானும் தப்பவில்லை. கோயில் திருவிழா மலரில் எழுதிய கட்டுரையில் ஒரு நகைச்சுவையைச் சேர்த்திருந்தேன். மலரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். "இந்தப் பக்கத்துல இருக்கிற ஜோக்கு உங்க மாமனார் சொன்னது. அவர் பேரைக் காணோமே." மாமனார் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. ஜோக்கும் அப்படித்தான். அடுத்த மலரில் திருத்தம் போட்டேன். கட்டுரையைவிடத் திருத்தம் நன்றாக இருந்ததாகப் பலர் சொன்னார்கள்.

செவ்வாய் அணைந்த சம்பவத்துக்குப் பின் அக்காவே என்னைத் தாம் சேர்ந்திருந்த வான்நோக்கு வட்டத்துக்கு அழைத்துப் போனார். வட்டம் என்றால் ஏழெட்டுப் பேர். தலைவர், கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு பர்மியர். எல்லோரும் அவரைச் சயா என்று கூப்பிட்டார்கள். இங்கே ஆசிரியரும் சயா, மருத்துவரும் சயா, மரியாதையோடு தள்ளி நிற்கவேண்டிய எவரும் சயா. பேச்செல்லாம் பர்மிய மொழியில்தான். அவற்றைத் தமிழில் தருகிறேன்.

சயாவுக்கும் அக்காவுக்கும் தீராத வழக்கு ஒன்று இருந்தது. வியாழனைச் சுற்றும் நான்கு பெரிய நிலவுகளை முதலில் பார்த்தவர் யார் என்பது. உலகம் முழுவதும் ஓர் இத்தாலிக்காரர் பெயரைச் சொல்கிறது. அவர் பார்த்த சில வாரங்களிலேயே அச்சடித்து ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டார். அதே நாட்களில் ஜெர்மானியர் ஒருவரும் பார்த்திருந்தார். ஆனால் நாலு வருடம் கழித்துத்தான் புத்தகம் போட்டார். அவர் ஊரில் அப்போது பழைய நாள்காட்டிதான். அதன்படி அவர் குறித்த தேதி இத்தாலிக்காரருக்கு முந்தியதுபோலத் தெரியும். புதிய நாள்காட்டிக்கு மாற்றினால் ஒரு நாள் பிந்திவிடும். பழைய நாள்காட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட திருடன் என்று இத்தாலிக்காரர் அவரைத் திட்டி எழுதினார். அந்தப் பட்டம் முந்நூறு வருடம் ஒட்டிக்கொண்டிருந்தது.

சயா இத்தாலிக்காரர் கட்சி. அக்கா ஜெர்மானியருக்கு வக்கீல்.

"அந்த நாலு நிலவுக்கும் இன்னிக்கு நாம சொல்ற பேரு, ஜெர்மன்காரர் புத்தகத்துல இருக்கிற பேரு. அதை வைக்கச் சொல்லிக் குடுத்தது இன்னொரு ஆள்னு அவரே எழுதியிருக்கார். பேர் வச்ச பெருமையைக்கூட அடுத்தவருக்குக் குடுத்த மனுஷன், நிலவைத் திருடுவாரா சயா?"

"எழுதினது எப்போ, தங்கச்சி? நாலு வருஷம் கழிச்சு. பார்த்த அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்தா, பார்க்காத மாதிரிதான்."

"பார்த்தது பார்த்ததுதான்."

"உனக்கு. ஊருக்கு இல்ல."

இதே வழக்கு இதே சொற்களில் மாதம் ஒருமுறை நடக்கும். தீர்ப்பு வராது. நாங்கள் லஹ்பெ என்னும் ஊறவைத்த தேயிலை சாலட் சாப்பிட்டுக்கொண்டு கேட்டிருப்போம்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் எழுந்து வந்தபோது அக்கா எங்கள் சமையலறையில் மணைமேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் வலக்கண்ணைச் சுற்றி அவருடைய தொலைநோக்கிக் குழாயின் வட்டத் தடம் பதிந்திருந்தது.

"தம்பி, வியாழன்ல ஏதோ விழுந்துச்சு."

"விழுந்ததா?"

"ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு வெள்ளைப் புள்ளி. சிகரெட்டை இழுத்தா நுனி பிரகாசமா ஆகுமே, அது மாதிரி ஏறி, அப்படியே அணைஞ்சு போச்சு. ரெண்டு எண்ணறதுக்குள்ள."

வியாழன்மேல் விண்கல் மோதித் தெறிக்கும் ஒளி அது. உலகத்தில் இதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அவர்களும் பெரும்பாலும் கேமரா பிடித்ததைப் பின்னால் திரையில் கண்டவர்கள். வெறும் கண்ணைக் குழாயில் வைத்துக் காத்திருந்து பார்ப்பதென்றால், அதற்குப் பெயர் அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்ல முடியாது.

"எப்ப அக்கா?"

"ராத்திரி நாலரைக்கு."

"கூட யாராவது இருந்தாங்களா?"

"நானும் பூனையும். பூனை பார்க்கல."

எங்கள் வட்டாரத்தில் இரண்டு நாளாக இணையம் இல்லை. அது எப்போது வரும் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. சயாவுக்கு இப்போதே தொலைபேசியில் சொல்லிவிடலாமே என்றேன்.

"வாயால சொன்னா வாயோட போயிடும். நேரம், இடம் எல்லாம் போட்டு எழுத்துல போகணும். லைன் வரட்டும்."

நான் மறுபடி சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. தம் கட்சிக்காரரான ஜெர்மானியர் எங்கே தோற்றார் என்று வருடக்கணக்காக விளக்கியவர், அதே இடத்தில் போய் நின்றார். அப்படி நிற்கிறார் என்று எனக்கும் அப்போது உறைக்கவில்லை. தேநீர் நன்றாக இருந்தது.

இணையம் மறுநாள் மாலை வந்தது. வந்ததும் முதலில் வந்து விழுந்தது ஸ்பெயின்காரர் ஒருவரின் காணொளி. அதே புள்ளி, அதே ஓரம், அதே அணைதல். சயாவின் பகுதியில் இணையம் முன்பே வந்துவிட்டதால் அவர் அதை வட்டத்தின் குழுவில் போட்டிருந்தார். எல்லோரும் வியந்து கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். உலகில் வேறு யாராவது பார்த்திருந்தால் தெரிவிக்கவும், பார்த்தவர்கள் பட்டியலில் சேர்க்கிறேன் என்று ஸ்பெயின்காரர் கேட்டிருந்தார். அக்காவுக்கு வேண்டியது அந்தப் பட்டியலில் ஒரு வரி. முதலிடம்கூட இல்லை, பார்த்தேன் என்பதற்கு ஒரு வரி. உட்கார்ந்து எழுதினார். கிழமை, தேதி, உள்ளூர் நேரம், பார்த்த விதம். சயா அதை ஸ்பெயினுக்கு அனுப்பினார்.

பதில் மிகவும் மரியாதையாக வந்தது. அம்மையார் குறிப்பிடும் நேரத்தில் தானும் வியாழனைப் படம் பிடித்ததாகவும், அப்போது அதில் ஒன்றும் நிகழவில்லை என்றும் எழுதி, ஒன்றும் நிகழாத காணொளியையும் இணைத்திருந்தார்.

அக்கா எழுதியது ஞாயிற்றுக்கிழமை காலை நாலரை. ஸ்பெயின்காரர் பிடித்தது, எங்கள் ஊர்க் கணக்கில், திங்கட்கிழமை காலை நாலரை.

அக்காவின் அப்பா ரயில்வே யார்டில் இரவு வேலை பார்த்தவர். ஞாயிறு இரவு வேலைக்குப் போனவருக்கு, வீடு திரும்பிப் படுக்கும் வரை ஞாயிறுதான். அந்த வீட்டில் மட்டுமில்லை. எங்கள் எல்லோர் வீட்டிலும் சூரியன் எழாமல் கிழமை மாறுவதில்லை. அதிகாலை மூன்று மணிக்குப் பிள்ளை பிறந்தால், "ஞாயிறு ராத்திரி, விடிஞ்சா திங்கள்" என்றுதான் சொல்வோம். பஞ்சாங்கமும் அதை ஒப்புக்கொள்ளும். ஸ்பெயின் ஒப்புக்கொள்ளாது. நாள்காட்டியால் ஏமாந்த ஜெர்மானியருக்காக அத்தனை வருடம் தொண்டை வற்ற வாதாடியவருக்கு, தம் வீட்டு நாள்காட்டியும் வேறு ஒன்று என்பது தோன்றவே இல்லை.

பதிலைப் படித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. உடனே திருத்தம் எழுதினார். ஆனால் அதற்குள் விடை உலகம் முழுவதும் தெரிந்திருந்தது. தெரிந்தபின் அனுப்பும் திருத்தம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அது இருந்தது.

அந்த வாரக் கடைசியில் வட்டம் ஒரு தேநீர்க் கடையில் கூடியது. சயா குரலை உயர்த்தவில்லை.

"நிமிஷம் சரியா இருக்கு, தங்கச்சி. நாள்தான் தப்பு. வானத்தைப் பார்த்து எழுதறவங்களுக்கு நிமிஷம் முன்னப்பின்ன ஆகும், நாள் தப்பாது. இன்னொருத்தர் எழுதினதைப் பார்த்து எழுதினாத்தான், நிமிஷம் சரியா வந்து நாள் இடறும்." சற்று நிறுத்தி, "நான் அப்படி நினைக்கல. ஸ்பெயின்காரர் நினைப்பார்" என்றார்.

நான் எழுந்தேன். எழுந்தே ஆகவேண்டும். திங்கட்கிழமை காலையில், இணையம் வருவதற்கு முன்பே, அக்கா என் வீட்டில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார் என்றேன். புள்ளி, சிகரெட் நுனி, பூனை எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் உணர்ச்சியோடுதான் சொன்னேன். இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகத்தான் நான் பிறந்தேனோ என்றுகூட ஒரு கணம் பட்டது.

மேசையின் மறுகோடியில் இருந்த ஓர் இளைஞர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தபடி சொன்னார்: "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். அண்ணனோட செவ்வாய் நேத்துகூட எரிஞ்சுது. ஜெனரேட்டர் போட்டிருந்தாங்க."

சிரிப்பு வெடித்தது. சயாகூட மீசையைத் தடவிக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. சரியில்லாத பவரை எழுதிக்கொடுத்துவிட்டோமோ என்று வாடிக்கையாளரைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"தம்பி, நீங்க உட்காருங்க."

பிறகு சயாவிடம் திரும்பினார். "நான் அடுத்தவரைப் பார்த்து எழுதிட்டேன்னு முதல்ல சொன்னது யாரு? நீங்களா, ஸ்பெயின்காரரா?"

"யாரும் அப்படிச் சொல்லலையே, தங்கச்சி."

"அப்ப யாருமே சொல்லாத ஒண்ணுக்கு நான் பதில் சொல்லிட்டு இருக்கேன்."

எழுந்து போனார். பட்டியல் வெளியானது. எங்கள் ஊர் அதில் இல்லை.

வட்டத்துக்கு அதன்பின் அவர் வரவில்லை. தொலைநோக்கியை யாரோ ஒரு பள்ளிக்கூடத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டார். கடையில் ரயில் போகும்போது பேசாமல் ரயில் போகும்வரை காத்திருந்தார். இது எனக்குப் பழகவே இல்லை. ஒரு கல்யாணத்தில் ஒலிபெருக்கி பிடித்தவர், வரிசையில் அக்காவைக் கண்டு பயந்தோ என்னவோ, "நம் பிள்ளைகளுக்கு முதன்முதலாக இலவசக் கண் பரிசோதனை நடத்திய அக்கா இங்கே வந்திருக்கிறார்" என்று புகழ்ந்துவிட்டார். நடத்தியது வேறொருவர். எனக்கே தெரியும். அக்கா எழுந்து திருத்துவார் என்று காத்திருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா இலையைப் பார்த்துக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினார். அவ்வளவு சின்னத் துண்டுகளாக ஓர் அப்பளத்தை யாரும் நொறுக்கி நான் பார்த்ததில்லை.

பிறகு கடையைக் கைமாற்றிவிட்டு மிங்கலாடோனில் இருந்த தம் தம்பி வீட்டுக்குப் போனார். சர்க்கரை நோய் என்றார்கள். கடைசியில் கண்ணும் மங்கிவிட்டது என்றார்கள். அதை நான் போய்ப் பார்க்கவில்லை. இறந்த செய்தி வந்தபின் கருமாதிக்குத்தான் நானும் மனைவியும் போனோம்.

சயா வந்திருந்தார். மிகவும் தளர்ந்திருந்தார். இரண்டு வார்த்தை பேசும்படி கேட்டார்கள். எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வியாழனில் ஒளி தெறித்ததை இந்த நாட்டிலேயே முதன்முதலாகக் கண்டவர்" என்றார். கூடத்தில் இருந்தவர்களுக்கு வியாழன் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. பெருமையோடு தலையாட்டினார்கள். அதே மனிதர் அன்று தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஸ்பெயினுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு கோப்பைத் தேநீர்கூடச் செலவாகியிருக்காது. போனவர்கள் எதையும் எழுந்து திருத்தமாட்டார்கள் என்ற நிச்சயம் வந்தபின் மனிதர்களுக்குத் தாராள மனம் வந்துவிடுகிறது.

ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் திரும்பினோம். ஜன்னலோரம் நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் மனைவி, கொடுத்தனுப்பிய வடைப் பொட்டலத்தில் எண்ணெய் கசியாமல் இன்னொரு தாளைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எது எப்படியோ, அவங்க அதைப் பார்த்தாங்கன்னு இந்த உலகத்துல முதல்ல கேட்டவன் நான்தான். அதை யாரும் மாத்த முடியாது" என்றேன்.

"நீங்க ரெண்டாவது" என்றாள் மனைவி. "நீங்க எழுந்து வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே எங்கிட்டச் சொல்லிட்டாங்க. அன்னிக்குத் திங்கட்கிழமை, காலையில நம்ம பக்கத்துக்குக் கரண்ட் வர்ற முறை, மாவு அரைக்கறதுக்காக நான் விடியறதுக்கு முன்னாலேயே எழுந்துட்டேன். கிழமை, நேரம் எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. உங்க ஆளுங்க யாரும் என்னை வந்து கேக்கலையே."